இருமுறை வாசித்த சொல்

பதினைந்து நிமிடம் தேநீர் இடைவேளை என்று அருள்தாஸ் மைக்கில் சொல்லி முடிப்பதற்குள் செண்பகவல்லியின் நாக்கு வாய்க்குள்ளேயே மடிந்து மேலே போனது. உழவு. அண்ணத்தைத் தொடவில்லை. இன்னொரு முறை. உழவு. தொடவில்லை. இப்போது தொடாமல் இருந்து என்ன பிரயோசனம். நாற்காலிகள் இழுபட்டன, பிள்ளைகள் ஒரேயடியாக எழுந்து பஜ்ஜி வைத்திருந்த மேசையைப் பார்த்து ஓடினார்கள், யாரோ ஒரு அம்மா கையைக் கழுவிட்டுச் சாப்பிடுடா என்று கத்தினாள், அவள் மட்டும் மேடை ஓரத்து நாற்காலியில் சொற்பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். காலை ஒன்பதரையிலிருந்து வாசிக்கிறாள். திருச்சியில் ஒரு வாசகர் வட்டம் வருடா வருடம் நடத்தும் பிழையில்லா எழுத்துப் போட்டி. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை படிக்கிற பிள்ளைகள் நாற்பத்தெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அவள் ஒரு சொல்லை இருமுறை வாசிப்பாள், பிள்ளை அதைக் கையிலிருக்கும் வெள்ளைப் பலகையில் எழுதிச் சபைக்குத் திருப்பிக் காட்ட வேண்டும், நடுவர்கள் இருவர் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரி அல்லது தவறு என்பார்கள். ஒரு தவறு என்றால் வெளியே. நூற்று முப்பத்தேழாவது சொல் உழவு. கழுகுமலைப் பக்கத்திலிருந்து வந்த ஜெயரோஷினி என்ற ஏழாம் வகுப்புப் பெண் உளவு என்று எழுதிக் காட்டினாள். தவறு. அவள் பலகையை மேசைமேல் வைத்து, பேனாவின் மூடியை மறக்காமல் போட்டு அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, இறங்கிப் போய்விட்டாள். நாலு பேர் மூன்று பேர் ஆனார்கள். மூன்று பேரும் இறுதிச் சுற்றுக்கு. அதற்குமுன் பஜ்ஜி.

நான் என்ன சொன்னேன். முதல் முறை உளவு என்று வந்திருக்கலாம், சரி, ஆனால் இரண்டாம் முறை திருத்திக்கொண்டேன் என்று அவளுக்கு ஒரு நினைப்பு இருந்தது. இல்லை, முதல் முறை சரியாகத்தான் வந்தது, இரண்டாம் முறைதான் நாக்கின் நுனி மேலே போய் ஒட்டியது, அந்த ஈரம் இப்போதும் அங்கே இருப்பதுபோல் இருந்தது. தொட்டால் ள, தொடாமல் நின்றால் ழ. இரண்டுக்கும் நடுவே ஒரு நகக்கண் அளவு காற்று. அதைத்தான் இருபது வருடமாகக் காப்பாற்றிக்கொண்டு வருகிறாள், அந்தக் காற்றுக்காகத்தான் பள்ளியில் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் செய்தி வாசிக்க அவளைக் கூப்பிடுகிறார்கள், அதற்காகத்தான் அருள்தாஸ் மூன்றாவது வருடமாக வீட்டுக்கே வந்து அழைப்பிதழ் கொடுத்தார். அவள் மறுபடியும் அந்த நொடியை எடுத்துப் பார்த்தாள். பெண் மேடையேறினாள், பேனாவை வாங்கினாள், "சரிங்க டீச்சர், வாசிங்க" என்றாள். அந்த வாசிங்க-வில் கடைசி எழுத்து லேசாக மேலே ஏறி இறங்கியது, கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிற பொம்பளைகளின் குரலில் ஏறி இறங்குமே, அப்படி. அதற்குப் பதில் சொல்கிறமாதிரி இவள் நாக்கும் பிறந்த ஊருக்குப் போய்விட்டது. அவ்வளவுதான் நடந்திருக்கும். நினைக்க நினைக்க அந்தச் சொல் தேய்ந்துகொண்டே போனது, இப்போது எதைக் கேட்டாலும் உழவாகவும் உளவாகவும் கேட்கிறது. ஆனால் வேறு யாருக்கும் கேட்கவில்லையே. நடுவர்களுக்கு எப்படிக் கேட்கும், அவர்கள் முன்னால் காகிதத்தில் ழ அச்சடித்துக் கிடக்கிறது, கண் பார்த்ததைத்தானே காது கேட்கும். சபையில் பாதிப் பேர் வீட்டில் அப்படித்தான் பேசுகிறவர்கள். மின்விசிறி சத்தம், மைக்கின் கரகரப்பு. பொருள் கேட்டிருக்கலாம் அந்தப் பெண். கேட்க முடியாது. ஒரு பிள்ளை ஒரே ஒருமுறைதான் பொருள் கேட்கலாம் என்பது விதி, அதை அவள் முந்தின சுற்றிலேயே இரை என்ற சொல்லுக்குச் செலவழித்துவிட்டாள். எல்லாவற்றையும்விட ஒன்று. அந்தப் பெண் ள என்று கேட்டதும் இது எங்கள் ஊர்ப் பேச்சின் ள, எழுத்தில் ழ-வாக இருக்கும் என்று சந்தேகப்பட்டிருக்க வேண்டியவள். ஏன் சந்தேகப்படவில்லை? காலையிலிருந்து நான் ஒவ்வொரு ழ-வையும் அத்தனை சுத்தமாகச் சொன்னேனே, அதனால். என் வாயை நம்பினாள். நம்பியதால் தோற்றாள்.

கோவில்பட்டியில் படித்த நாளில் செண்பகவல்லியும் ஏழாம் வகுப்புத்தான். பேச்சுப் போட்டி, மழை நீர் சேமிப்பு. மளை என்று ஆரம்பித்தாள், நடுவராக வந்த யாரோ ஒரு வெளியூர்க்காரர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார், அவ்வளவுதான், சத்தம்கூட வரவில்லை, அந்த உதட்டைப் பார்த்துவிட்டு அவளுக்கு அடுத்த வரி மறந்துபோனது. அன்றிலிருந்து தீப்பெட்டி ஆபீஸ் சுவரை ஒட்டி நடந்து வருகிற வழியெல்லாம் ஏழை, கோழி, கீழே, வாழை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வருவாள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும், வீட்டில் ஒரு விதமாகவும் வெளியில் ஒரு விதமாகவும் பேசினாள், பிறகு வீட்டிலும் வெளி விதமாகவே பேசினாள். கல்லூரியில் சேர்ந்த வருடம் தோழி ஒருத்தி வீட்டுக்கு வந்தபோது அம்மா தட்டை நீட்டி, பளம் சாப்புடு தாயி என்றாள். பழம்மா, எங்க சொல்லு, பழம், என்று இவள் சொல்லிக்கொடுத்தாள். அம்மா சிரித்துக்கொண்டே முயன்றாள். பளம். இன்னொரு தரம். பளம். வாயைக் கோணிக்கொண்டு மூன்றாம் முறை சொன்னபோது தோழியும் சிரித்தாள், இவளும் சிரித்தாள். அதை அப்போதே மறந்தும் போனாள். கல்யாணத்துக்கு அம்மா திருச்சி வந்து நாலு நாள் இருந்ததும், சம்பந்தி வீட்டார் எல்லோரிடமும் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்ததும் ஞாபகம் இருக்கிறது. எத்தனையோ வருடம் கழித்து, பால் குக்கர் விசிலடித்த ஒரு காலை நேரத்தில் எந்தக் காரணமும் இல்லாமல் அவளுக்கு அது புரிந்தது: அம்மா அந்த நாலு நாளும் ழ வராத சொற்களாகப் பார்த்துப் பார்த்துப் பேசியிருக்கிறாள். பழம் எடுத்துக்கோங்க என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஆப்பிள் எடுத்துக்கோங்க, ஆரஞ்சு எடுத்துக்கோங்க. மழை வருவதைச் சொல்லாமல் வானம் இருட்டிக்கிட்டு வருது. அதைப் பற்றி இன்றுவரை அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எப்படிக் கேட்பது, எதிலிருந்து தொடங்குவது. இதெல்லாம் இப்போது எதற்கு. இடைவேளையில் ஆறு நிமிடம் போயிருக்கும். ஐந்தோ ஆறோ.

"மேடம், டீ. தொண்டைக்கு இதமா இஞ்சி போடச் சொன்னேன்." அருள்தாஸ் காகிதக் கோப்பையை இரண்டு விரலால் பிடித்து நீட்டினார். வங்கி அதிகாரி, வாசகர் வட்டத்தின் செயலாளர், போட்டி நடக்கிற நாளில் மட்டும் அவருக்கு வேர்த்துக்கொண்டே இருக்கும். அவள் வாங்கிக்கொண்டாள். சார், அந்த நூற்று முப்பத்தேழாவது சொல், என்று தொடங்கப் போனாள். "சார், அந்த..." "நேரம் ஆகுதுன்னு பாக்குறீங்களா? அஞ்சு நிமிசம் முன்னப்பின்ன ஆனா ஒண்ணுமில்ல மேடம். காலைல இருந்து ஒரு சொல்லுல பிசிறு இல்ல. பின்னாடி உக்காந்திருக்காரே, நீலச் சட்டை, பாடப் புத்தகத்தையெல்லாம் ஒலிப்பதிவு பண்ணப் போறாராம், பார்வை இல்லாத பிள்ளைங்களுக்கு. உங்க நம்பர் கேட்டாரு. குடுத்துட்டேன், தப்பில்லையே?" தப்பில்லை என்றாள். பிசிறு இல்லை. இவருக்கும் கேட்கவில்லை. அப்படியானால் நடக்கவே இல்லையோ. அவர் அதற்குள் ஒலிபெருக்கிக்காரரைத் தேடிப் போய்விட்டார். டீ நாக்கைச் சுட்டது, சுடட்டும் என்றிருந்தது. சும்மா இருந்துவிடலாம். ஒரு போட்டி, ஒரு சான்றிதழ், ஒரு புத்தகப் பை. அந்தப் பெண்ணுக்கு வயது பன்னிரண்டு, இன்னும் எத்தனை போட்டி. தவிரவும் எனக்கே நிச்சயமில்லாத ஒன்றை மேடையேறிச் சொன்னால் போட்டியே கெட்டுப்போகும், மற்ற மூன்று பிள்ளைகளுக்கும் பாவம், நியாயம் என்று ஒன்று செய்யப் போய் மூன்று பேருக்கு அநியாயம். இந்த வாதம் அவளுக்குப் பிடித்திருந்தது, அதை இன்னொரு முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள், இரண்டாம் முறை அது அவ்வளவு நன்றாக இல்லை. நிச்சயமில்லை என்கிறாயே, நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரு ஆள் இருக்கிறதே. அந்த ஆள் இந்தக் கட்டடத்துக்குள்தானே எங்கேயோ நின்று பஜ்ஜி தின்றுகொண்டிருக்கும். கோப்பையை நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். கை கழுவத்தான் போகிறேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

அரங்கத்துக்குப் பின்னால் வரிசையாகக் குழாய்கள். அங்கேதான் நின்றார்கள், அப்பாவும் மகளும். அவர் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், கையில் ஒரு மஞ்சள் பையோடு, கிளம்பத் தயாராக நின்றார். பெண் பேனா மை ஒட்டிய விரலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அழுத முகம் இல்லை. அதைப் பார்த்ததும் செண்பகவல்லிக்கு ஒரு நிம்மதி வந்தது, வந்த கையோடு அந்த நிம்மதியின்மேல் எரிச்சலும் வந்தது. "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டாள். பேச வந்தது அதுவல்ல. "சாப்புட்டேன் டீச்சர்." அப்பா பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, "கும்புடுதேன்ங்க. நல்லா வாசிச்சிய. காலைல விடியுமுன்ன கெளம்புனது, இப்பப் போனாத்தான் இருட்டுறதுக்குள்ள வீட்டப் பாக்கலாம்" என்றார். போகப் போகிறார்கள். போகட்டும். பஸ் ஏறிவிட்டால் பிறகு என்ன சொல்லி என்ன. தண்ணீர் வழிகிற சத்தத்தில் அவள் தன் குரலையே கேட்டாள்: "உளவுன்னு ஏம்மா எழுதுன?" பெண் குழாயை மூடினாள். கொஞ்சம் யோசித்தாள், பாடத்தில் கேள்வி கேட்டதுபோல. "நீங்க அப்பிடித்தான சொன்னீங்க டீச்சர். ரெண்டு தடவையும்." பிறகு அவசரமாக, "குத்தமாச் சொல்லல டீச்சர். எங்கப்பா டிராக்டர் ஓட்டுறாரு, உளவுக்குத்தான் போறாரு. வீட்டுல தெனமும் கேக்குற சொல்லு அது. எளுதுறப்ப ழ போடணும்னு எனக்குத் தெரியும். நீங்க ள-ன்னு அளுத்திச் சொன்னதும், இது அந்த உளவு இல்ல, ஒற்றருங்க உளவு பாப்பாங்கள்ல, அதுன்னு நெனச்சிட்டேன்" என்றாள். அப்பா, "விடு பாப்பா, டீச்சருட்டப் போயி" என்றார். "நாந்தான் யோசிச்சிருக்கணும்" என்று அந்தப் பெண் முடித்தாள். "உங்களுக்கும் எங்க ஊரு பக்கமா டீச்சர்?" இருபது வருடத்தில் திருச்சியில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி. கணவன் வீட்டில் விருந்தாளிகள் வந்தால் தஞ்சாவூரா என்பார்கள், அவள் மறுக்காமல் புன்னகைப்பாள். "கோவில்பட்டி" என்றாள். பெண்ணின் முகம் மலர்ந்தது. குற்றம் சாட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். இந்த மலர்ச்சியை என்ன செய்வது. "பத்து நிமிசம் இருங்கண்ணே, கெளம்பிறாதீங்க" என்று அப்பாவிடம் சொன்னாள், சொல்லும்போதே கால் அரங்கத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தது.

நடை நீண்டுகொண்டே போனது. அருள்தாஸைத் தனியே கூப்பிட்டு மெல்லச் சொல்லிவிடலாம், அவர் ஏதாவது செய்வார், ஒன்றும் செய்யமாட்டார், அடுத்த வருடம் பார்த்துக்கலாம் மேடம் என்பார், அவர் அப்படிச் சொல்லிவிட்டால் தனக்கு அது எவ்வளவு வசதியாக இருக்கும் என்று தெரிந்ததால் அவரிடம் சொல்லக் கூடாது என்று பட்டது. மேடைப் படியில் சேலை தடுக்கியது. பிள்ளைகள் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள், மூன்று நாற்காலிகளில் இறுதிச் சுற்றுப் பிள்ளைகள், உதட்டில் எண்ணெய் மினுங்க. மைக்கைக் கையில் எடுத்தாள். நீலச் சட்டைக்காரர் கைப்பேசியிலிருந்து தலை நிமிர்ந்தார். "ஒரு திருத்தம்" என்றாள். குரல் அவளுடையதாக இல்லை. "நூற்று முப்பத்தேழாவது சொல்லை நான் தப்பா வாசிச்சேன். உழவுன்னு வாசிக்க வேண்டியதை உளவுன்னு வாசிச்சேன். அந்தப் பொண்ணு எழுதுனது நான் சொன்ன சொல்லைத்தான். தப்பு என்னோடது." சபை முதலில் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தது. அருள்தாஸ் மேடைக்கு ஓடி வந்தார். முதல் வரிசையில் நிதிலன் என்ற பையனின் அப்பா எழுந்தார், மகன் மூன்று பேரில் ஒருவன்; காலையிலிருந்து கைப்பேசியை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டே இருந்தவர். "மேடம், இதெல்லாம் இப்ப சொன்னா எப்படி? நடுவர் ரெண்டு பேர் இருந்தாங்க. உழவுன்னுதான் எங்களுக்குக் கேட்டுச்சு. எங்கிட்ட வீடியோ இருக்கு, போடறேன், நீங்களே கேளுங்க." அவர் உண்மையாகவே நம்பித்தான் சொன்னார், அது முகத்தில் தெரிந்தது. போட்டார், கைப்பேசியை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தார். சரிங்க டீச்சர், வாசிங்க. பிறகு ஒரு இருமல். பிறகு அரங்கம் முழுக்க, பெரிதாக, துளிச் சந்தேகமில்லாமல்: உளவு. கொஞ்சம் விட்டு, இன்னும் நிதானமாக, இன்னும் அழுத்தமாக: உளவு. இரண்டு முறையும். அது அவளுடைய குரல் இல்லை. பளம் சாப்புடு தாயி என்ற குரல். அம்மா வந்து மைக்கின் முன்னால் நின்று தயக்கமில்லாமல் சொல்லிவிட்டுப் போனதுபோல இருந்தது, அவளுக்கு உடம்பு சிலிர்த்தது, வெட்கமா என்று தேடிப் பார்த்தாள், வெட்கம்தான், ஆனால் அது நாக்கைப் பற்றிய வெட்கமாக இல்லை. நிதிலனின் அப்பா கைப்பேசியை அணைத்தார். "ஆமா" என்றார் மெதுவாக. "ஆமாங்க" என்றபடி உட்கார்ந்துவிட்டார்.

நடுவர்களில் ஒருவரான கல்லூரிப் பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு, அப்படியானால் அந்தச் சொல்லே செல்லாது, அந்தப் பெண்ணுக்கு வேறு சொல் கொடுப்போம், சரியாக எழுதினால் நாலு பேருமாக இறுதிச் சுற்று என்றார். மிச்சத்தை யார் வாசிப்பது என்று அருள்தாஸ் செண்பகவல்லியைப் பார்க்காமல் கேட்டார். அவர் பார்க்காததை அவள் பார்த்தாள். பட்டியலைப் பேராசிரியையிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிக் கடைசிக்கு முந்தின வரிசையில், திரும்பி வந்து மஞ்சள் பையை மடியில் வைத்திருந்த ஜெயரோஷினியின் அப்பாவுக்கு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். நீலச் சட்டைக்காரர் எங்கே என்று கழுத்து தானாகத் திரும்பியது. இருந்தார், என்ன நினைக்கிறார் என்று தெரியவில்லை, தெரியவும் போவதில்லை. ஜெயரோஷினி மேடையில் நின்றாள். எழுதிவிடு, சரியாக எழுதிவிடு, என்று உள்ளே ஏதோ ஒன்று கிடந்து அடித்துக்கொண்டது, நீ எழுதிவிட்டால் கணக்கு நேராகிவிடும், நான் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவேன். "வெந்நீர்" என்று பேராசிரியை வாசித்தார். மறுபடியும், "வெந்நீர்." காதால் பிடிக்க முடியாத சொல் அது. யார் எப்படி வாசித்தாலும் ந-வும் ன-வும் அங்கே ஒரே ஒலிதான், படித்திருந்தால் உண்டு. பெண் எழுதினாள், நின்றாள், ஒரு எழுத்தை அழித்தாள், மறுபடியும் எழுதினாள். பலகையைத் திருப்பினாள். வென்னீர். "தவறு" என்றார் பேராசிரியை, குரலில் வருத்தத்தோடு. "வெம்மை, நீர். வெந்நீர்ல ரெண்டுமே தந்நகரம்மா, ந." சபை முழுக்கக் கை தட்டியது, தோற்ற பிள்ளைக்கு அன்றைக்கு முதல்முறையாக.

ஜெயரோஷினி இறங்கி வந்து அப்பாவுக்கும் செண்பகவல்லிக்கும் நடுவில் இருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து, அழுதாள். குழாயடியில் வராத அழுகை, மூக்கு ஒழுக, தோள் குலுங்க. "தெரியும் டீச்சர்" என்றாள் நடுவில். "மொதல்ல ந-தான் போட்டேன். நானே அளிச்சேன். நோட்டுல சிவப்பு மைல எளுதி வச்சிருக்கேன், அத்தனை தடவ எளுதிப் பாத்தேன். இது நானே பண்ணுனது. என் தப்புதான்." பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்த செண்பகவல்லி சொல்லவில்லை. தோளைத் தொடப் போன கையையும் எடுத்துக்கொண்டாள். இந்த அழுகை அந்தப் பெண்ணுடையது, அதில் இவளுக்கு எந்தப் பங்கும் இல்லை, அழட்டும். அப்பா ஒன்றும் விளங்காமல், "வெந்நிக்கு எந்த எளுத்துப் போட்டா என்ன பாப்பா, சுடும்ல" என்றார். பெண் அழுகைக்கு நடுவே கோபமாக, "சும்மா இருங்கப்பா" என்றாள். பஸ்ஸைப் பற்றி அவர் அதன்பின் பேசவில்லை. மேடையில் பேராசிரியை நிதிலனுக்கு அடுத்த சொல்லை வாசித்தார். ஜெயரோஷினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலை நிமிர்ந்தாள். இரண்டாம் முறை வாசிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு தொடையின்மேல், பாவாடைத் துணியில், ஆள்காட்டி விரலால் அந்தச் சொல்லை எழுதினாள், நிறுத்தினாள், கையால் துடைத்துவிட்டு இன்னொரு முறை எழுதினாள்.